சம்மணம் போட்டு ஓட்டிய கார்

போன வருடம் ஆடி கடைசியில் நடந்தது. சிவகாசியில் இருந்து சாத்தூர் போகும்போது. நேர் ரோட்டில் போயிருந்தால் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

நான் விருதுநகரில் டிரைவர். முன்பு லோடு வேன் ஓட்டினேன். காகிதம், அட்டை, பட்டாசு எல்லாம் ஏற்றியிருக்கிறேன். இடுப்பு வலி வந்ததும் லோடை விட்டுவிட்டேன். இப்போது யார் வீட்டிலாவது கார் ஓட்ட ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுவார்கள். போவேன். எட்டாவது பாதியில் நின்ற படிப்பு. தமிழ் வாசிப்பேன். இங்கிலீஷ் என்றால் நம்பர் பிளேட் அளவுக்குத்தான்.

அடுத்த தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகிறது. மகன் சென்னையில் வேலை. அம்மா பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று புதுக் கார் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். டீச்சருக்கு எங்கே போக வேண்டும் என்றாலும் நான்தான் ஓட்டுவேன்.

அந்தக் காரில் சாவி போடத் துவாரம் கிடையாது. சாவி சட்டைப் பையில் இருந்தால் போதும். கிளச்சை மிதித்துக்கொண்டு ஒரு பட்டனை அழுத்தினால் எஞ்சின் ஓடும். மிதிக்காமல் அழுத்தினால் கரண்ட் மட்டும் வரும். லைட் எரியும், பாட்டுப் பாடும், எஞ்சின் ஓடாது. முதல் நாள் இது தெரியாமல் வண்டி ரிப்பேர் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். போனில் மகன் சிரித்தார்.

ஸ்டியரிங் பக்கத்தில் வழி காட்டும் பெட்டி. வண்டியோடு சேர்ந்தே வருவது. பெரிய திரை. அதில் ஒரு பெண் இங்கிலீஷில் பேசுவார். நான் எனக்குத் தெரிந்த ரோட்டில் போவேன். அவர் பாட்டுக்குப் பேசுவார். ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவு இல்லை.

டீச்சரின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையைச் சிவகாசியில் அச்சடிக்கக் கொடுத்திருந்தார்கள். அன்று அதை வாங்கிக்கொண்டு, முதல் பத்திரிகையை டீச்சரின் தம்பிக்குக் கொடுக்க வேண்டும். அவர் சாத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு ஊருக்கு வெளியே புது வீடு கட்டிப் போயிருந்தார். அந்த வீட்டை டீச்சரும் பார்த்ததில்லை. மகன் சென்னையில் இருந்தபடியே அந்த இடத்தைப் போனில் இருந்து காருக்கு அனுப்பிவிட்டார். எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பிரஸ்ஸுக்குள் டீச்சர் போய்விட்டார். நான் காரில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். இந்தப் பெண் தமிழில் பேசினால் டீச்சருக்கு வசதியாக இருக்குமே என்று தோன்றியது. திரையில் பல் சக்கரம் மாதிரி ஒரு படம். அதைத் தொட்டேன். வரிசை வரிசையாக எழுத்து வந்தது. ஒன்றைத் தொட்டேன், படம் தலைகீழானது. இன்னொன்றைத் தொட்டேன், பகலிலேயே திரை இருட்டானது. மற்றொன்றில் பெண் போய் ஓர் ஆண் இந்தியில் பேசினார். பயந்து மேலும் கீழும் தொட்டேன். சில இடத்தில் டிக் விழுந்தது, சில இடத்தில் போனது. கடைசியில் எப்படியோ பெண் குரலில் தமிழ் வந்தது. அதோடு கையை எடுத்துவிட்டேன்.

டீச்சர் பத்திரிகைக் கட்டோடு வந்து ஏறினார். பெட்டி தமிழில் பேசியதும் அவருக்கு முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே தம்பி. என் மகன் ரெண்டு நாள் உக்காந்து பாத்தும் அது இங்கிலீஷ்லதான் பேசுச்சு" என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமையில்தான் அதன் பேச்சைக் கேட்கத் தொடங்கினேன். சாத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன். தார் ரோடு மெலிந்தது. பிறகு மண் ரோடு. இரண்டு பக்கமும் கருவேலம் உரசியது. இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாத பாதையா என்று ரோஷம். தெரியாமலா இவ்வளவு தெளிவாகச் சொல்லும் என்று சந்தேகம். திரையில் பார்த்தால் நல்ல ரோடு, நடுவில் எங்கள் கார். வெளியே பார்த்தால் முள். எதை நம்புவது என்று தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு போனேன்.

எதிரே கம்பி வேலி வந்தது. கேட் திறந்து கிடந்தது. கதவு உள்பக்கம் மடங்கி இருந்ததால் அதில் எழுதியிருந்தது தெரியவில்லை. தண்ணி லாரி போன ஈரம் தரையில் இருந்தது. பெட்டி, நேராகச் செல்லவும் என்றது.

லோடு ஓட்டிய நாளில் இப்படி ஒரு கேட்டைக் கண்டால் எட்டத்திலேயே நிறுத்தியிருப்பேன். எந்தப் பட்டாசுக் கம்பெனியிலும் அப்படித்தான். தீப்பெட்டி, போன் எல்லாம் கேட்டில் கொடுக்க வேண்டும். பொறி பறக்காமல் இருக்கச் சைலன்சரில் வலை மாட்டாத வண்டி உள்ளே நுழையவே முடியாது. வலை மாட்டிய வண்டியும் ஓர் எல்லைக்கு மேல் போகாது. அன்று நான் நிறுத்தவில்லை. நேராகச் சென்றேன்.

சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நின்றன. வலப்புறம் திரும்பவும் என்றது. திரும்பினேன். வழியின் இரண்டு ஓரமும் கித்தான் விரித்து ஏதோ காயப் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு பெண் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. கையெல்லாம் வெள்ளிப் பொடி. அப்போதுதான் காய்வது திரி என்று எனக்குப் புரிந்தது. பட்டாசுத் திரி.

அவர் கத்தவில்லை. "அமத்துங்க" என்றார். பட்டனை அழுத்தினேன். எஞ்சின் நின்றது. ஆனால் திரை அணையவில்லை. பெட்டி, நேராகச் செல்லவும் என்றது.

"அமத்திட்டீகளா?"

"அமத்திட்டேன்."

"பொறவு எது பேசுது?"

சத்தத்தைக் குறைக்க ஒரு திருகைத் திருகினேன். அது வேறு எதற்கோ உள்ளது. திரையில் கையை வைத்தேன். படம் பெரிதானது. பின் சீட்டில் டீச்சர் ஜெபம் சொல்லத் தொடங்கியது கேட்டது. கதவைத் திறந்தால் ஏதும் பொறி வருமோ என்று கதவைத் தொடவே பயம்.

அதற்குள் கம்பெனி ஃபோர்மேன் வந்துவிட்டார். ஒல்லியான ஆள். முகம் வெளுத்திருந்தது. கதவை மெதுவாகத் திறக்கச் சொன்னார். செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கி, இரண்டு கையையும் மண்ணில் வைக்கச் சொன்னார். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்குப் போவதற்காக. கதவைத் திறந்தேன். திரை தானாக அணைந்தது. பேச்சும் நின்றது. இவ்வளவு நேரம் நான் தேடியது அதுதான்.

மண்ணில் கையை வைத்தேன். சுட்டது. "நீங்களும் வைங்க டீச்சர்" என்றேன், அவரும் வைத்தார். சட்டை போட்ட பெண் டீச்சரின் சேலையைத் தொடாமல் குனிந்து பார்த்து, "நூல் சேலைதான டீச்சர்?" என்று கேட்டார். பாலியஸ்டர் உரசினால் பொறி வருமாம். நூல்தான் என்றதும் அவரைக் கையால் வழிகாட்டி வேலிக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். டீச்சர் வெறுங்காலோடு நடந்து போவதைப் பார்த்தேன்.

அறைகளில் இருந்தவர்களை எல்லாம் ஃபோர்மேன் வெளியேற்றிவிட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. காய்கிற திரியை அள்ளவும் கூடாது, வெயிலில் சூடேறியதை ஆறும் முன்னால் தொடமாட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே வழி. பின்னால் தள்ள வேண்டும். தள்ள ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். சட்டை போட்ட பெண்ணும் திரும்பி வந்துவிட்டார்.

நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அசையவில்லை. கதவைத் திறந்ததும் பூட்டிக்கொண்டது. சக்கரமோ வலது பக்கம் ஒடித்தபடி இருந்தது. அப்படியே தள்ளினால் நேராகத் திரி மேல் ஏறும்.

ஸ்டியரிங் பூட்டு விட வேண்டுமென்றால் பட்டனை அழுத்த வேண்டும். கிளச்சை மிதிக்காமல் அழுத்தினால் கரண்ட் மட்டும் வரும், பூட்டு விடும். ஃபோர்மேனிடம் சொன்னேன்.

"மிதிச்சிட்டா?" என்றார்.

"ஓடிரும்."

அவர் என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் வண்டியில் உட்கார்ந்ததும் கிளச்சுக்குப் போகிற கால். நான் சொல்லி அது போவதில்லை. நான் சொன்னால் நிற்குமா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு யாரையாவது உட்கார வைக்கலாம் என்றால் அங்கே கார் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. வெயில் அடித்தது.

சட்டை போட்ட பெண்தான் சொன்னார். "அண்ணே, காலைக் கீழ வைக்காதீக. சீட்டு மேல தூக்கிச் சம்மணம் போட்டுக்கிடுங்க. பந்தியில உக்கார்ற மாதிரி."

சீட்டைப் பின்னால் தள்ளினேன். முதலில் கியர் நடுவில் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி மடக்கி வைத்தேன். இடுப்பு விண் விண் என்றது. வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. இடது கையால் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். ஃபோர்மேன் எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னார். போனார்கள். வலது கை விரலால் பட்டனை அழுத்தினேன்.

திரை எரிந்தது. ஸ்டியரிங்கில் டக் என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடவில்லை. பெட்டி, நேராகச் செல்லவும் என்றது.

"இந்த அக்கா இன்னும் போகலையா?" என்றார் ஒருவர். யாரோ சிரித்தார்கள். அந்த நேரத்தில் சிரிப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை.

கை பிரேக்கை விட்டேன். முன்பக்கம் நின்று அவர்கள் தள்ளினார்கள். எனக்குக் காலில் பிரேக் கிடையாது. கை பிரேக்கைப் பிடித்த கையை விடவே இல்லை. ஃபோர்மேன் பின்னால் நடந்துகொண்டு, ஒடி, நேராக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னபடி திருப்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் முகம் மிகக் கிட்டத்தில் இருந்தது. வியர்வை ஓடியது. யாரும் என்னைத் திட்டவில்லை. கேட்டைத் தாண்டியதும்தான் ஒருவர், "மாப்ள அழைப்பு நல்லாத்தான் நடக்கு, மேளந்தான் இல்ல" என்றார். நான் மாப்பிள்ளை மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டுக்கு வெளியேயும் நிறுத்தவில்லை. தூரத்தில் ஒரு வாகை மரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபோர்மேன் திரும்பிப் போய் அந்தக் கேட்டைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினார். அபாயம், அனுமதி இல்லை என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருந்தது அப்போது தெரிந்தது.

டீச்சர் வந்தார். கண் சிவந்திருந்தது. கட்டைப் பிரித்து ஒரு பத்திரிகையை எடுத்துச் சட்டை போட்ட பெண்ணிடம் நீட்டினார். தம்பிக்குக் கொடுக்க வைத்திருந்த முதல் பத்திரிகை. அந்தப் பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கையெல்லாம் மருந்தா இருக்கு டீச்சர். அந்தக் கல்லு மேல வைங்க. சாயந்தரம் கை கழுவிட்டு எடுத்துக்கிடுதேன்."

டீச்சர் வைத்தார். பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

போவதற்கு முன் அந்தப் பெண் என்னிடம் கேட்டார். "கேட்டைப் பாக்கலையாண்ணே?"

"பாத்தேன்" என்றேன்.

"பொறவு?"

நான் குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டேன். அவர் நிற்கவில்லை. வேலைக்குப் போய்விட்டார்.

உடனே கிளம்ப முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. தரையில் வைத்தால் யாருடைய காலோ மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ஆனபிறகு கிளச்சை மிதித்து ஸ்டார்ட் செய்தேன். வந்த வழியே தார் ரோட்டுக்கு வந்தேன். பெட்டி திரும்பத் திரும்ப, திரும்பிச் செல்லவும் என்றே சொன்னது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. டீச்சர், சொல்லிட்டுப் போகட்டும் தம்பி, நீங்க போங்க என்றார். ஒரு டீக்கடையில் வழி கேட்டு டீச்சரின் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரோட்டை ஒட்டியே இருந்தது.

கல்யாணத்துக்கு வந்தபோது மகன் பெட்டியைப் பார்த்தார். சீக்கிரம் போகிற வழி என்பது போய், தூரம் குறைந்த வழி என்று மாறிக் கிடந்ததாம். மண் பாதை வேண்டாம் என்பதும் போயிருந்ததாம். முன்பு அங்கே ஊர்ப் பாதை இருந்திருக்கும், பெட்டிக்குள் இன்னும் அது அழியவில்லை என்றார். எங்கே தொட்டால் எது மாறும் என்று காட்டினார். தலையாட்டினேன். பாதிக்கு மேல் புரியவில்லை.

கல்யாணத்துக்கு அந்தப் பெண் வந்தார். சட்டை இல்லாமல் பட்டுச் சேலையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சர்ச் வாசலில் கார் பக்கத்தில் நின்ற என்னிடம் அவரே வந்தார். "காலத் தொங்கப் போட்டுத்தான ஓட்டியாந்தீக?" என்றார். ஆமாம் என்றேன். சாப்பிட்டீகளா என்று நான் கேட்டேன்.

இப்போதும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறேன். பெட்டி தமிழில்தான் பேசுகிறது. ஆனால் திறந்த கேட் எதைக் கண்டாலும் நிறுத்தி, இறங்கி, கதவின் மறுபக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று நடந்துபோய் வாசித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.