ஆண் என்று சொல்லி விற்ற ஹாம்ஸ்டர்

என் கணவருக்கு எலி கொல்வதுதான் வேலை. துறைமுகத்தை ஒட்டி மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளிலும் சரக்கு இறக்க வரும் கப்பல்களிலும் மருந்தடிக்கிற ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற எங்கள் மகள் தனக்கு ஒரு ஹாம்ஸ்டர் வேண்டும் என்று கேட்டபோது, அவர் வாய்க்குக் கொண்டுபோன சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஏளா, இவ என்ன கேக்கான்னு உனக்குத் தெரியுதா? அது வால் இல்லாத எலி. நான் வெளிய கொல்லுதேன், நீங்க வீட்டுல வளக்கப் போறீங்களாக்கும்."

நாங்கள் இருப்பது வாடகை மாடி வீடு. நாய், பூனைக்கு வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். மீன் வாங்கித் தருகிறேன் என்றேன். "மீன மடியில வச்சுக்க முடியாதும்மா" என்றாள். ஒரு மாதம் போல இந்த வழக்கு நடந்தது. கடைசியில் கணவரே இறங்கி வந்தார். தன் பக்கத்தில் கொண்டு வரக்கூடாது, அவ்வளவுதான் என்றார்.

வண்ணமீனும் கிளியும் விற்கிற கடையில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் ஏழெட்டு ஹாம்ஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் போனில் படித்து வைத்திருந்தேன். கண்ணில் பீளை இருக்கக் கூடாது, பின்பக்கம் ஈரமாக இருக்கக் கூடாது, கையை நீட்டினால் கடிக்க வரக் கூடாது. மகள் கையை உள்ளே விட்டுச் சும்மா வைத்திருந்தாள். பொன்னிற முதுகும் வெள்ளை வயிறுமாக ஒன்று மட்டும் எழுந்து வந்து அவள் விரலை முகர்ந்தது. இதுதான் என்றாள்.

"ஆணா, பொண்ணா அண்ணாச்சி?"

"ஆணுதான்க்கா. பாக்காமலா குடுப்பேன்?"

கூண்டு, ஓடுவதற்கு ஒரு சக்கரம், தண்ணீர் பாட்டில், ஒரு பை மரத்தூள் எல்லாம் வாங்கி வந்தோம். அது சித்திரை மாதம். எங்கள் ஊர் வெயில் இவ்வளவு சிறிய உயிருக்குத் தாங்குமா என்பதுதான் என் கவலை. ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்த ஒரு டைல்ஸ் துண்டைக் கூண்டுக்குள் போடுவேன். அதன்மேல் வயிறு பட நான்கு காலையும் பரப்பிப் படுத்துக்கொள்ளும். சூரியகாந்தி விதை, கம்பு, ஒரு வில்லை வெள்ளரிக்காய், இதுதான் சாப்பாடு. வந்த மறுநாளே மகள் அலறிக்கொண்டு வந்தாள். "அம்மா, கன்னம் வீங்கிருச்சு." விதையை எல்லாம் வாய்ப் பைக்குள் அடைத்து வைத்திருக்கிறது என்று போனில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். பகல் முழுக்கத் தூங்கும். அந்தி சாய்ந்தால் சக்கரத்தில் ஏறும். அது குண்டாகிக்கொண்டே போனதை நாங்கள் எங்கள் கவனிப்பின் பலன் என்று நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாடு வைக்கப் போன மகள் சமையலறைக்குத் திரும்பி வந்தாள்.

"அம்மா, மரத்தூளுக்குள்ள எறா கெடக்கு. நீ போட்டியா?"

போய்ப் பார்த்தேன். தோலுரித்த சின்ன இறால் மாதிரிதான் இருந்தன. இளஞ்சிவப்பாக, கண் திறக்காமல். அதில் ஒன்று நெளிந்தது. கூண்டுப் பக்கமே வராத கணவரைக் கூப்பிட்டேன். அவர் எட்டி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"குட்டி போட்ருக்கு. கடையிலயே செனையா இருந்திருக்கு. நல்லா ஆணு வாங்கிட்டு வந்தீங்க."

மூன்று பேரும் சிரித்தோம். மகள் கீழ் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் அழைத்து வந்து காட்டினாள். அன்று எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு நான் கூண்டுப் பக்கம் போனேன். தாய் உட்கார்ந்து, இரண்டு முன்னங்கைகளாலும் எதையோ பிடித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. விதை தின்பது போலவே, அவசரமில்லாமல். வெள்ளரித் துண்டு என்று நினைத்தேன். அப்புறம் அதில் ஒரு கால் தெரிந்தது. நூல் மாதிரி ஒரு கால்.

திரும்பினால் பின்னால் மகள் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவள் அழவில்லை.

"நாம சாப்பாடு வச்சோம்லா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் அவளை இழுத்து அணைக்கப் போனேன். அவள் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். என்னிடமிருந்து நகர்ந்தாள். கூண்டில் பார்த்ததைவிட அது என்னை அதிகமாக உலுக்கியது.

கணவருக்குப் போன் செய்தேன். சொல்லி முடித்ததும் லாரிச் சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"கிட்டங்கில மூடையப் பொரட்டும்போது எலி குட்டியத் திங்கிறதப் பாத்திருக்கேன். ஆளுகளக் கண்டு மெரண்டா அப்படிச் செய்யும். நான் நின்னு பாத்தது கெடையாது."

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். பழைய வேலைச் சட்டை ஒன்றை எடுத்து, கூண்டின் மூன்று பக்கமும் மறையும்படி போர்த்தினார். இனி யாரும் கிட்டே போக வேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பதினைந்து வருடத்தில் அந்த மனிதரின் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

மகள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றாள். சாயங்காலம் கூண்டை அப்படியே விட்டுவிட்டு, கேட்டு வர மட்டும் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். நான் கோபமாகத்தான் பேசினேன். கடைக்காரர் சிரித்தார்.

"சில சமயம் ஆணு பொண்ணு மாறிப் போயிரும்க்கா. மிச்சக் குட்டி இருந்தா தூக்கிட்டு வாங்க, ரோமம் மொளைக்க முன்னாடி. இவனுக்குத் தீனிக்கு ஆகும்."

அவர் கை காட்டிய தொட்டியில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி நிற மீன் மெதுவாகத் திரும்பியது. மகளின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. ஆட்டோவில் ஏறியதும் அவள் சொன்னாள்.

"குடுக்க வேண்டாம்மா. நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

போர்த்திய சட்டைக்குள் மூன்று குட்டிகள் மிஞ்சியிருந்தன. தாய் அவ்வப்போது ஒன்றை வாயில் கவ்வும். எட்ட நின்று பார்க்கிற நாங்கள் தின்னத்தான் போகிறது என்று நினைப்போம். அது இடம்தான் மாற்றியது, ஒவ்வொரு முறையும். ரோமம் முளைத்தது, கண் திறந்தது, விதை கொறிக்கத் தொடங்கின. வளர்ந்ததும் சேர்த்து வைத்தால் சண்டை போட்டுக் கொன்றுகொள்ளும் என்பதால் மூன்றையும் பிரித்து, கேட்டு விசாரித்து மூன்று வீடுகளுக்குக் கொடுத்தோம். கொடுத்த வீடுகளில் எல்லாம் மகள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். "இது ஆணா பொண்ணான்னு எங்களுக்குத் தெரியாது. தனியா வைங்க."

தாய் அடுத்த கோடையையும் தாண்டி எங்களோடு இருந்தது. மகள் பழையபடி அதை மடியில் வைத்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. என்னால் முடியவே இல்லை. தண்ணீர் மாற்றுவேன், டைல்ஸ் குளிரவைப்பேன், மரத்தூள் மாற்றுவேன். தொட்டதில்லை. ஒருமுறை மகளிடம் கேட்டேன், உனக்கு அன்றைக்குப் பார்த்தது ஞாபகம் வராதா என்று.

"வரும்" என்றாள். "அதுக்கு வராதுல்லா."

சொல்லிவிட்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டே வீட்டுப்பாடத்தை எழுதினாள்.