ஒன்பதாம் நம்பருக்கு ரிலீவர்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். எங்கள் கேம்ப்பில் சாப்பாடு முடிந்ததும் இந்த மாதிரிக் கதைகள் ஓடும், நான்தான் முதலில் சிரிப்பேன். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். நம்பினால் நம்புங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். அந்த ஆத்திரம் பேய் மேல் இல்லை, செல்வராஜ் மேல்.

செல்வராஜும் நானும் பரமக்குடிப் பக்கம், அடுத்தடுத்த ஊர். துபாய்ப் பக்கம் புஜைராவில் ஆறு வருஷம் ஒரே ரூம், மேல் கட்டில் அவன், கீழ்க் கட்டில் நான், ஒரே சட்டியில் சோறு. எனக்குக் காய்ச்சல் கண்டபோது இரண்டு நாள் டூட்டியை விட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தவன். முறையும் இல்லை, சொந்தமும் இல்லை, ஆனாலும் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

நான் சைட்டில் கம்பி கட்டினேன். அவனுக்கு செக்யூரிட்டி வேலை. புஜைராவிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் கேரவன்களுக்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற வண்டிகள். வெள்ளைக்காரர்கள் சவுதி வழியாக ஓட்டிக்கொண்டு வருவார்கள், குளிர்காலத்தில் அரபிக் குடும்பங்களும் வரும். ஒரு ராத்திரி இலவசமாக நிறுத்திக்கொள்ளலாம், காலை எட்டு மணிக்குக் காலி செய்துவிட வேண்டும். பன்னிரண்டு இடங்கள், தரையில் பெயிண்டால் நம்பர் போட்டிருக்கும். வருகிற வண்டியின் நம்பரை நோட்டில் எழுதுவதும், விடிகிற நேரம் ஒரு சுற்று வந்து சரிபார்ப்பதும்தான் செக்யூரிட்டியின் வேலை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. லீவு வேண்டுமென்றால் உன் டூட்டியைப் பார்க்க ஒரு ஆளை நீயே பிடித்துக் கொடுக்க வேண்டும். ரிலீவர் என்போம். "ஆள் மாஃபி, லீவு மாஃபி, கலாஸ்" என்பார் சூப்பர்வைசர், ஆள் இல்லையென்றால் லீவும் இல்லை, முடிந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் அவரிடம் பேச்சே கிடையாது. செல்வராஜ் என்னைப் பிடித்தான்.

"மச்சான், வெயில்ல கம்பி கட்டிச் சாகுறதுக்கு கடக்காத்து வாங்கிக்கிட்டு உக்காந்துருக்கலாம்டா. நாப்பதே நாளு. தை பொறக்குறதுக்குள்ள நான் வந்துருவேன், ஒன் டூட்டிய நான் பாத்துக்கிறேன், நீ போயி மகளத் தூக்கு. எந்தலையில அடிச்சுச் சத்தியம்."

மகளைத் தூக்கு என்றானே, அதில்தான் நான் விழுந்தேன். கடைசி லீவு முடிந்து நான் திரும்பிய பிறகு பிறந்தவள். ஒன்றரை வயசாகியும் நான் அவளை போனில்தான் பார்த்திருந்தேன். தை மாசம் அவளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். எப்படியும் போய்விட வேண்டும் என்று இருந்தேன், சரியென்றேன்.

முதல் ராத்திரி நாலு வண்டிகள்தான் வந்தன, எழுதினேன். விடியற்காலை பாங்கு சொல்வதற்கு முன்னால் டார்ச்சோடு ஒரு சுற்று போனால் ஒன்பதாம் இடத்தில் ஐந்தாவதாக ஒரு கேரவன் நிற்கிறது. பழைய வெள்ளை வண்டி, ஜன்னலில் திரை. நான் ஒரு நிமிஷம்கூடக் கண்ணயரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், ஆனாலும் இது வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சரி, நம்பரையாவது எழுதுவோம் என்று ஜன்னலைத் தட்டினேன். கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. உள்ளே இருட்டு, முகம் தெரியவில்லை, ஒரு பெண் குரல் மட்டும் வந்தது. செல்வராஜ் எங்கே என்று கேட்டது.

"லீவுல போயிட்டான். அவனுக்குப் பதில் நான்தான்" என்றேன். சைட்டில், ஆபீசில், கேட்டில், யார் கேட்டாலும் நாங்கள் சொல்கிற பதில்தான் அது.

அப்படியா, அவன் சொன்ன ஆள் நீதானா என்றது அந்தக் குரல். கண்ணாடி மேலேறிவிட்டது. இதில் ஒரு விஷயம், அந்தக் குரல் எந்த மொழியில் பேசியது என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை. தமிழா ஹிந்தியா என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். எனக்குப் புரிந்தது, அவ்வளவுதான் தெரியும்.

விடிந்து பார்த்தால் வண்டி இல்லை. குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும், தரையெல்லாம் நனைந்து கிடக்கும். அன்றைக்கும் நனைந்துதான் கிடந்தது, ஒன்பதாம் இடத்தில் மட்டும் வண்டி நின்ற அளவுக்கு நீளமாகக் காய்ந்து கிடந்தது. வெளியே போகிற வழியில் கட்டியிருந்த சங்கிலி அப்படியே இருந்தது, சாவி என் பையில்.

இரண்டாம் ராத்திரி வண்டி வரவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் விடியற்காலை நான் செக்யூரிட்டி கேபினில் இல்லை. ஒன்பதாம் இடத்தில், அன்றைக்கும் காய்ந்து கிடந்த தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். செருப்பு இரண்டும் கேபின் வாசலில் ஜோடியாகக் கிடந்தன. தூக்கத்தில் நடந்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் ராத்திரி அதே மாதிரி நடந்தது, ஆனால் என் தோளில் பை தொங்கியது. கேம்ப் ரூமில் அலமாரியில் பூட்டி வைத்திருந்த என் ஊர்ப் பை. உள்ளே என் லுங்கி, துண்டு, பிரஷ், மகளுக்கு வாங்கி வைத்திருந்த கவுன், எல்லாம் மடித்து வைத்தபடி இருந்தன. கேம்ப்புக்கும் அந்த இடத்துக்கும் பதினைந்து கிலோமீட்டர். நான் டூட்டிக்குச் சோற்று டப்பா மட்டும்தான் கொண்டுபோவேன். இதற்கு யாராவது விளக்கம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அங்கேயே நின்று செல்வராஜுக்கு போன் போட்டேன். "ஒம்போதாம் எடத்துல என்னடா இருக்கு?" என்றேன். அவன் அழுதான்.

"மன்னிச்சுரு மச்சான். ஏறு ஏறுன்னு ரெண்டு மாசமா உசுர எடுத்துட்டாங்கடா. ஒரு ஆளக் குடுத்தாத்தான் விடுவோம்னாங்க. ஆபீஸ்ல லீவுக்குக் கேக்குற மாதிரியே கேட்டாங்க. நான் ஒம் பேரச் சொல்லிட்டேன்."

"எம் பேரா? அத்தன பேரு இருக்கையில எம் பேரா சொன்ன?"

"வேற யாரு மச்சான் நான் கேட்டா வருவா?"

அவன் சொன்னது வாஸ்தவம்தான். அவன் கேட்டான் என்பதால்தான் நான் போனேன். போனை வைத்துவிட்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவன் திரும்பி வரவில்லை, நம்பரையும் மாற்றிவிட்டான். சூப்பர்வைசரிடம் போய் நின்றேன், அதே "ஆள் மாஃபி". ரூமுக்குப் புதிதாக வந்த ஒரு பெங்காலிப் பையன் நான் வருகிறேன் பாய் என்றான். என்னால் முடியவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான், ஆனால் வரவில்லை. தை பிறந்தது, காதுகுத்து நான் இல்லாமல் நடந்தது. என் மனைவிக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். அந்த போட்டோவை அனுப்பியிருந்தாள். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தவன் செல்வராஜ். அன்றைக்கு எனக்கு வந்த வெறியில் அவன் எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

ஆனால் அந்த மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒன்பதாம் இடத்துக்கு எதுவும் வரவில்லை. மற்ற இடங்கள் மாதிரியே அதுவும் தினமும் நனைந்து கிடந்தது. வெயில் காலம் வந்ததும் கேரவன்கள் நின்றுபோயின, அந்த இடத்தையே மூடினார்கள். எனக்கு லீவு கிடைத்தது. ஊருக்கு வந்தேன், திரும்பிப் போகவில்லை.

செல்வராஜ் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அடிக்கத்தான் எழுந்தேன். அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். என்னைவிட அவன்தான் பயந்திருந்தான்.

"யாரக் குடுத்த மச்சான்?"

"ஒன்ன மாதிரி நெனச்சியா? யாரையும் குடுக்கலடா."

"யாரையும் குடுக்காம ஒன்ன எப்புடி விட்டாங்க?"

வீட்டுக்குப் போடா என்று அவனைத் திருப்பி அனுப்பினேன். உங்களிடம் சொல்கிறேன், இதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. அந்த மூன்றாம் நாள், தோளில் பையோடு நின்றபோது, வண்டி அங்கே இருந்தது. கதவு திறந்திருந்தது, ஏறு என்றார்கள். நான் அழுதேன், கெஞ்சினேன், இன்னும் நேரில் முகம் பார்க்காத ஒரு மகள் எனக்கு இருக்கிறாள் என்றேன். குழந்தையா என்று கேட்டது அந்தப் பெண் குரல், ரொம்ப அன்பாக. பெயர் என்ன என்று கேட்டது. பெற்ற தகப்பன் எவன் சொல்லாமல் இருப்பான்? சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். கதவு மூடிக்கொண்டது.

இப்போது செல்வராஜைத் திட்டவும் எனக்கு வாய் வருவதில்லை. மகளை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுக்கு ஆறு வயசாகிறது. போன வாரம் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவிடம், "வண்டியில ஜன்னல் பக்கம் எனக்கு எடம் புடிச்சு வச்சுருக்காங்கம்மா" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஏதோ விளையாட்டு என்று அவள் அம்மா சிரித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் வண்டி கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறது, நடந்துதான் போகிறாள்.