காலண்டர் அக்கா எழுதாத இரவுகள்

அந்த நாணய மாற்றுக் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் காலண்டர் அக்கா. முதலாளி மட்டும் 'என்னம்மா' என்பார்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஒரு மழை நாளில், ஈ ஓட்டிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது பொழுது போகாமல் தொடங்கிய பழக்கம் வாங்கித் தந்த பெயர் அது. ஒரு யூரோவுக்கு எத்தனை டாலர் என்று திரையில் ஓடும் எண்ணை நோட்டில் எழுத ஆரம்பித்தாள். ஒரு நாளுக்கு ஒரு வரி. கடை திறக்கும்போது இருந்த விலை, அன்று தொட்ட உச்சம், இறங்கிய அடி, ஷட்டரை இழுக்கும்போது நின்ற விலை. கடைசியில் உச்சத்திலிருந்து அடியைக் கழித்து, சிவப்பு மையில் ஓர் எண். அதற்கு 'நாளின் அகலம்' என்று அவளே பெயரும் வைத்திருந்தாள்.

கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன, உன் யூரோவுக்கு இன்னைக்கு உடம்பு தேவலையா?"

"கிண்டலா? முக்கால் சென்ட் ஏறி இறங்கிச்சு தெரியுமா?"

"நானும்தான் தினம் நாலு மாடி ஏறி இறங்குறேன். என்னை எழுத ஒரு நாதியில்ல."

கடையில் அப்படியில்லை. போன மார்ச்சில் என்ன விலை, எந்த மாதத்தில் விலை சோம்பிக் கிடக்கும், எதற்கும் அவளைத்தான் கேட்பார்கள். பத்தாவது தாண்டாதவள், பட்டம் வாங்கிய காசாளர்களுக்கு நடுவே தலை நிமிர்ந்து நடந்தது அந்த நோட்டின் தைரியத்தில்தான்.

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்கு முதலாளி அவளை உள் அறைக்குக் கூப்பிட்டார். எதிரே மெஷின்காரர் உட்கார்ந்திருந்தார். அச்சு இயந்திரங்கள் இறக்குமதி செய்கிறவர், பழைய வாடிக்கையாளர்.

"என்னம்மா, உன் நோட்டுல ஒரு நாளைக்கு யூரோ அதிகபட்சம் எவ்வளவு நகர்ந்திருக்கு?"

"ஒன்றரை சென்ட், முதலாளி. அதுவும் ஒரே ஒரு தடவை. மத்தபடி அரை சென்ட்டைத் தாண்டுறதே அபூர்வம்."

"பதினோரு வருஷத்துல?"

"பதினோரு வருஷத்துல."

முதலாளி மேசையைத் தட்டினார். "கேட்டீங்களா? எங்க காலண்டர் பொய் சொல்லாது."

விஷயம் இதுதான். மெஷின்காரருக்கு இருபது லட்சம் யூரோ வேண்டும். அவருடைய டாலர் நாளைக் காலைதான் கைக்கு வரும். யூரோக்களை இன்றைய விலையிலேயே நாளை கொடுப்பதாக முதலாளி எழுதிக் கொடுத்தால், யூரோவுக்கு ஒரு சென்ட் கூடுதலாக மெஷின்காரர் தருவார். மொத்தம் இருபதாயிரம் டாலர். முதலாளி நாளைக் காலை வங்கியில் வாங்கிக் கொடுத்தால் போதும். அதற்குள் யூரோ ஒன்றரை சென்ட்டே ஏறினாலும் சின்னச் சிராய்ப்போடு போய்விடும். ஐந்து மணிக்குக் கையெழுத்து.

"ராத்திரி அமெரிக்காவுல வட்டி அறிவிப்பு இருக்கு, விலை எகிறலாம், அதான் எனக்குத் தூக்கம் வராது" என்றார் மெஷின்காரர்.

"நீங்க தூங்குங்க. முழிச்சிருக்க நாங்க இருக்கோம்" என்று முதலாளி சிரித்தார்.

கூண்டுக்குத் திரும்பியவள் நோட்டைப் பிரித்தாள். இதற்கு முன்பு வட்டி அறிவித்த நாட்களில் அகலம் எவ்வளவு இருந்தது என்று பார்த்துச் சொன்னால் முதலாளி இன்னும் சந்தோஷப்படுவார் என்ற ஆசைதான். போன அறிவிப்பு நாள்: அகலம் கால் சென்ட். அதற்கு முந்தையது: அதைவிடக் குறைவு. விரல் மறுநாளின் வரிக்கு வழுக்கி, அங்கேயே நின்றது.

அந்த அறிவிப்பு நாளில் கடை மூடும்போது ஒரு டாலர் எட்டு சென்ட். மறுநாள் காலை திறக்கும்போது ஒரு டாலர் பதினொரு சென்ட்.

மூன்று சென்ட். நோட்டில் அது எங்கேயும் இல்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே, கோடு போட்ட வெற்றுத் தாளில் விழுந்து கிடந்தது. அவள் எப்போதும் ஒரு வரிக்குள்தான் கழித்திருக்கிறாள். நேற்றைய கடைசி எண்ணை இன்றைய முதல் எண்ணோடு ஒரு நாளும் கழித்ததில்லை.

யூரோவையும் டாலரையும் புரட்டிப் போடுகிற பெரிய அமெரிக்க வங்கிகளுக்கு, இவர்கள் ஷட்டரை இழுத்த பிறகுதான் பொழுது விடிந்தது. யூரோ ஓடி ஆடிக் களைத்துப் படுத்த பிறகு இவள் வந்து உட்கார்ந்து, எவ்வளவு சாது என்று பதினோரு வருடங்களாக எழுதியிருக்கிறாள்.

இன்னும் மூன்று அறிவிப்பு நாட்களைத் தேடினாள். ஓர் இரவில் இரண்டு சென்ட் ஏறியிருந்தது, இன்னொன்றில் இரண்டு சென்ட் இறங்கியிருந்தது, மற்றதில் அசையவே இல்லை. மூன்று ஏறினால் அறுபதாயிரம். கூடுதலாக வரும் இருபதாயிரம் போக நாற்பதாயிரம் டாலர் நஷ்டம். கடையின் மொத்த முதலே அவ்வளவுதான். ஆறு பேரின் சம்பளம் அதில் இருந்தது.

மணி நாலே முக்கால். கணவருக்கு போன் போட்டாள்.

"நான் தப்பா எழுதியிருக்கேங்க."

"எதை?"

"எல்லாத்தையும்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். பின்னால் ஏதோ எஞ்சின் உறுமியது. "நாலுல ஒண்ணுதானே மூணு சென்ட்? பேசாம இருந்தா தப்பிச்சாலும் தப்பிக்கலாம். சொன்னா உன் பேரு இன்னைக்கே போயிடும்."

"தெரியுது."

"அப்புறம் எதுக்குப் போன் பண்ணின?"

போனை வைத்துவிட்டு நோட்டோடு எழுந்தாள். உள்ளே முதலாளி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, ஒரு நிமிஷம். அது ஒன்றரை இல்ல. மூணு."

"எது மூணு?"

அவள் இரண்டு வரிகளையும் விரலால் காட்டினாள். முதலாளியின் கண் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் போய்ப் போய் வந்தது. காது மடல் சிவந்தது.

"அப்போ இத்தனை வருஷமா என்னத்தம்மா எழுதின?"

"பகலை எழுதினேன் முதலாளி. ராத்திரியை எழுதல."

மெஷின்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல காலண்டர்! பாதி நாளைக் கிழிச்சுட்டு மாட்டியிருக்கீங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல எதிர்க்கடைக்குப் போகட்டுமா?"

முதலாளி பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். பேனா மூடி 'டிக்'கென்று மூடிக்கொண்டது. மெஷின்காரர் எதிரே இருந்த இன்னொரு நாணய மாற்றுக் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, "நீயும் கிளம்பு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இன்றைக்குக் கிளம்பச் சொன்னாரா, ஒரேயடியாகவா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. முதலாளி இருட்டுக் கடைக்குள் திரையின் முன் நின்றிருந்தார். யூரோ நேற்று விட்ட இடத்திலேயே இருந்தது. கால் சென்ட்கூட நகரவில்லை. கண்ணாடி வழியே தெரிந்த எதிர்க்கடையில் ஒருவன் எல்லோருக்கும் காபி வாங்கிக்கொண்டு போனான்.

"இருபதாயிரம்மா" என்றார் முதலாளி. "சும்மா தூங்கி எழுந்து வாங்கியிருக்கலாம்."

அவள் கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு. நேத்து நீ சொன்னது சரியா தப்பா?"

மன்னிப்புக் கேட்டுவிடலாம், அதுதான் சுலபம்.

"சரிதான் முதலாளி."

"இதைப் பார்த்த பிறகுமா?"

"பார்த்த பிறகும்தான். எதிர்க்கடைக்காரர் அதிர்ஷ்டத்துல பிழைச்சாரு. அவ்வளவுதான்."

முதலாளி அவளையே பார்த்தார். அவர் பெருமூச்சு விட்டு, மீதி ஷட்டரையும் தள்ளித் தூக்கினார். வெளிச்சம் கூண்டுவரை வந்தது.

"போய் உட்காரு" என்றார். "ஆள் நிக்குது பாரு."