உதட்டில் ஒரு ஸ்க்ரூ

செஸ் காய் கட்டத்தில் இறங்குவதற்கு முன்பே “செக்கு!” என்று கத்திவிடுகிறார். தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கள் தெரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு ‘செக்கு’ என்றே பெயராகிவிட்டது. மனைவி மட்டும்தான் ‘ஏங்க’ என்று கூப்பிடுகிறார்.

பட்டறையில் படுக்கப்போட்ட பழைய ஃபிரிட்ஜ்தான் ஆட்டத்துக்கு மேஜை. வேலை நேரத்தில் கழற்றிய ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொள்வார். அப்போது மட்டும் பட்டறை அமைதியாக இருக்கும். “தொலைஞ்சிரக் கூடாதுல்ல சார்” என்பார், எல்லாவற்றையும் முடுக்கி முடித்த பிறகு.

செக் கொடுக்கும் ஆசைதான் இவருக்கு வினை. கைக்கு வந்த ஆட்டத்தில் அவசரப்பட்டு ஒரு செக் கொடுப்பார். எதிராளியின் ராஜா நழுவிவிடும். “விரட்டி விரட்டி நீங்களே வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வர்றீங்க, மாமா!” என்று சிரிப்பான் மச்சினன், மருந்துக்கடை வைத்திருப்பவன். அவனை இவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தே ஆகவேண்டியிருந்தது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும் எங்கள் மன்ற அணியில் ஒரே இடம் பாக்கி. இருவரில் ஜெயிப்பவருக்குத்தான் அது.

பிஷப்பை நேராக ராஜாவின் வாசலுக்கே அனுப்பிச் சிப்பாயை வெட்டினார். “செக்கு!” ராஜா பிஷப்பை வெட்டியது. குதிரை பாய்ந்தது. “செக்கு!” ராஜா பழைய இடத்துக்கே ஓடியது.

இன்னொரு குதிரையும் செக் கொடுக்கத் தயாராக நின்றது. கொடுத்தால் மச்சினனின் ராணி அதை வெட்டிவிட்டு, முதல் குதிரையையும் குறிவைக்கும். அதோடு தாக்குதல் காலி. இவர் கையோ அந்தக் குதிரையின் தலைக்கு மேல் போய்விட்டது!

“தொட்டா ஆடணும், மாமா” என்றான் மச்சினன், ஆசை ஆசையாக.

கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு பக்கத்து டப்பாவுக்குப் போய் ஒரு ஸ்க்ரூவை எடுத்தது. அதை உதட்டில் கவ்விக்கொண்டு, ராணியைப் பலகையின் ஓரத்துக்கு நகர்த்தினார். செக் இல்லை, சத்தமும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த நகர்த்தலில் ராணி வாசலுக்குள் நுழைந்தால் ராஜா செத்தது!

மச்சினனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. யானையை ஒதுக்கி ராஜாவுக்கு ஒரு சந்து திறந்தான். ராணி வாசலில் இறங்கியது. “ம்க்கு!” என்றார் இவர், ஸ்க்ரூவோடு. ராஜா சந்துக்குள் ஓடியது. ராணி கடைசி வரிசையின் மூலையில் போய் உட்கார்ந்தது. இனி ராஜாவுக்கு இரண்டே வழி. ஒன்றை முதல் குதிரை அடைத்திருந்தது. இன்னொன்றை, இவர் தொடாமல் விட்ட குதிரை அடைத்திருந்தது.

சுற்றி நின்ற எல்லாரும் இவர் வாயையே பார்த்தோம். ஸ்க்ரூ இன்னும் உதட்டிலேயே இருந்தது.

“செக்கு மேட்டு!” என்று பட்டறை வாசலிலிருந்து தெருவே அதிரக் கத்தியது அவர் மனைவி.

“அக்கா, நீயுமா?” என்றான் தம்பி.

இவருக்கு எதுவும் காதில் விழவில்லை. ஸ்க்ரூவைத் துப்பிவிட்டு, ஆடாமல் விட்ட அந்தக் குதிரையை இரண்டு கையாலும் எடுத்து, அதன் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தார்.