எட்டாவது மாடிக் காரம்

உட்காருவதற்கு முன்பே, சாப்பாட்டுக் கடை மேசைமேல் இருக்கும் மிளகாய் விழுதுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்துவிடுகிறார். கரண்டியைச் சாய்த்து எண்ணெய் பிரிகிறதா, விதை தெரிகிறதா என்று பார்க்கிறார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியின் மருந்தில்லாத முனையால் விழுதைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறார். வயிற்றுப் புண்காரர். டாக்டர் அதற்கு மேல் அனுமதிக்கவில்லை.

"தரைத்தளம்," என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறார். அடுத்த கடை பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

எங்கள் குடியிருப்பின் லிஃப்டை மாதம் ஒருமுறை பழுது பார்க்க வருபவர் இவர். ஐம்பதை நெருங்கும் வயது, விரல் ரேகைகளில் கிரீஸ், பேச்சில் அவசரமின்மை. காரத்தையும் மாடிக் கணக்கில்தான் அளப்பார். நாக்கு நுனியோடு நின்றால் முதல் மாடி. காது சூடானால் நாலாவது. உச்சந்தலை வேர்த்தால் எட்டாவது. "சில காரம் சர்ருனு மேல போயிட்டு அப்படியே கீழ இறங்கிடும் சார். நிக்கணும். போன மாடியில கொஞ்ச நேரம் நிக்கணும்."

நகரம் முழுக்க லிஃப்ட் பார்க்கப் போகிற வேலை என்பதால் எந்தச் சந்தில் எந்தக் கடை என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். விழுதை பாட்டிலில் வாங்கி ஊற்றும் கடைகளை வாசலிலேயே கழித்துவிடுவார். அரைக்கும் கடையென்றால் சமையலறை வரை போய், "இதை அரைக்கிறது யாரு?" என்று கேட்பார். ஒரு கடையில் சுகாதார அதிகாரி என்று நினைத்து, அவசர அவசரமாகத் தரையைக் கழுவியிருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'காரம்'.

"உங்களுக்குத்தான் ஒத்துக்காதே, அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன். லிஃப்ட் கூரையில் குந்தி உட்கார்ந்து கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிற பெண்மணி. அடுப்பில் பால் தீய்ந்தது தெரியாமல் பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருக்க, எதிர்வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். சாப்பாடு வெறும் வேலையாகிப் போனது. "மண்ணை மென்னா எப்படி இருக்கும், அப்படி இருக்குதுங்க" என்று தட்டை நகர்த்திவிடுவாராம். உடம்பு இளைத்ததில் தன் உடுப்பைத் தானே மூன்று தடவை பிடித்துத் தைத்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"நரம்பு சமாசாரம், வந்தாலும் வரும், வராமலும் போகலாம்னார். ஆனா காரம் வேற வழியில போகுதாம் சார். ருசி தெரியாதவங்களுக்கும் எரிச்சல் தெரியுமாம். அன்னிக்கு ஒரு கடையில பொட்டலம் வாங்கிட்டுப் போனேன். மிளகாயைத் தொட்டுச் சாப்பிட்டா. கண்ணுல தண்ணி. 'எரியுதுங்க, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க'ன்னா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ சொன்ன எதையும் நான் அவ்வளவு ஆசையாக் கேட்டதில்ல."

அன்றிலிருந்து இவர் தேடுகிறார், அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்கிறார். "இது முன்கோபி. கத்திட்டு அடங்கிடும்" என்பார் ஒன்றைப் பற்றி. இன்னொன்றை, "இது மனசுல வச்சிருந்து அப்புறமா காட்டுது" என்பார். இழந்த எடையில் பாதி திரும்பியிருக்கிறது. தைத்த இடங்களில் இரண்டைப் பிரித்துவிட்டிருக்கிறார்.

பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு கடையை இந்த வருஷம்தான் கண்டுபிடித்தார். ஆறே மேசை. கடைக்கார அம்மா மிளகாயைக் கரியில் சுட்டு, தோல் கருகியபின் கல்லில் நசுக்கி, சூடாகவே கொண்டுவந்து வைப்பார். தீக்குச்சி முனைக்கே இவருக்கு உச்சந்தலை வேர்த்தது. பொட்டலம் கேட்டார். அந்த அம்மா முடியாது என்று தலையாட்டிவிட்டார். "ஆறினா அது வேற சாமான். சாப்பிடுறவங்களைக் கூட்டிட்டு வாங்க." நாலு தடவை போய்க் கேட்டும் அதே பதில்தான்.

மனைவியோ வெளியே சாப்பிட்டு மூன்று வருஷம். மூக்கும் கண்ணும் ஒழுக நாலு பேர் முன்னால் உட்காருவதா என்று மறுத்துவிட்டார். இவர் வற்புறுத்தவில்லை. வாரம் ஒருமுறை, "அந்தக் கடை இன்னிக்கும் திறந்திருந்துச்சு" என்று மட்டும் சொல்லி வைத்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், "சரி, அது எங்கதான் இருக்கு, வாங்க பார்ப்போம்" என்று மனைவியே கிளம்பிவிட்டார். என்னையும் கூப்பிட்டார்கள்.

கடையில் மனைவி சுவரைப் பார்த்த நாற்காலியாகத் தேர்ந்து உட்கார்ந்தார். ஒடிசலான உருவம், கழுத்தில் மறந்து தொங்கும் அளவு நாடா. மூன்றாவது கவளத்தில் காது சிவந்தது. ஐந்தாவதில் எல்லாம் ஒழுக ஆரம்பித்தது. கூச்சத்தோடு கைக்குட்டையைத் தேடியபோது கடைக்கார அம்மா ஒரு துண்டைக் கொண்டுவந்து மடியில் போட்டார். "இங்க எல்லாரும் அழுதுக்கிட்டேதான்மா சாப்பிடுறாங்க. நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டார். திடீரென்று கை பாதியில் நின்றது.

"என்னங்க, இங்க எதாவது தீயுதா?"

இவர் சமையலறையை எட்டிப் பார்த்தார். "இல்லையே."

மனைவி கிண்ணத்தின் மேல் குனிந்தார். மூடிய கதவில் காதை வைத்துக் கேட்பவரைப் போல இருந்தது அது. "இதுலதான். கருகின வாசனை. லேசா வந்துச்சு." இன்னும் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். "போயிடுச்சு. ஆனா வந்துச்சுங்க."

இவர் எழுந்து போய், எங்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் சுவிட்சைத் தேடி அணைத்தார்.

"சார், வேர்க்குமே" என்றார் பரிமாறுகிறவர்.

"ரெண்டு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு, சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல், மறுபடியும் கிண்ணத்தின் மேல் குனியும் மனைவியைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.