முந்தின வரியைப் பார்க்கச் சொன்னவர்

தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்த காலை நேரம். சிவகாசிக்குப் பக்கத்து எம். புதுப்பட்டியில் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் பேக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். நான் தலையசைக்காமல் அங்கே ஒரு லாரியும் நகராது என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது, என்னோடு கம்ப்யூட்டர் வகுப்பில் படித்த பாண்டி போன் செய்தான்.

"மாமா, டீச்சரம்மா போயிட்டாகளாம்."

"எந்த டீச்சரம்மாலே?"

"நமக்கு எத்தன டீச்சரம்மா இருக்காக?"

போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

தனலட்சுமி டீச்சரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? இருந்தாலும் முதல் மாணவன் என்ற முறையில் நான் எழுதுவதுதான் முறை. பாண்டி இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் எனக்கு முன்னால் வகுப்பு மாடிக்குப் படியேறியது உண்மை. ஆனால் முதலில் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான்.

விருதுநகர் வத்தல் வியாபாரக் குடும்பத்துப் பெண் அவர். தினமும் பஸ்ஸில் சிவகாசி வந்து, ஓர் அச்சகத்தின் மாடியில் வகுப்பு நடத்தினார். என் வயதுதான் இருக்கும். அப்போது நான் பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தேன். என்னைப் போல நிதானமான கை தமிழ்நாட்டிலேயே கிடையாது என்பார்கள். ஆனால் தீ நிதானம் பார்த்தா வருகிறது? உள்ளே இருப்பவர்களில் யாராவது கம்ப்யூட்டர் படித்து, சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டினால் பேக்கிங் ஆபீசுக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொன்னார். மறுநாளே என் மனைவி என்னை வகுப்பில் சேர்த்துவிட்டாள். எட்டாவதோடு நின்றவன் நான். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றுமில்லை.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போடும் சின்ன கால்குலேட்டர் புரோகிராம்தான் முதல் பாடம். ஒரு பக்கம்கூட வராது. ஊரில் நூறு பக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எழுதி முடித்து ஓட்டினோம். கணக்கு வரவில்லை; திரையில் சிவப்பு எழுத்து வந்தது. அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் நின்றுகொண்டது.

டீச்சர் பின்னாலேயே வந்தார். "எங்க போறீக எல்லாரும்?"

"பத்தல டீச்சரம்மா," என்றேன். "பத்த வச்சது வெடிக்கலேன்னா உடனே கிட்டப் போகக் கூடாது. நீங்களும் இங்கன நில்லுங்க."

வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார். அவர் எங்களோடு படியில் நின்றார். வெடிக்காததை எவ்வளவு நேரம் அப்படியே விடுவோம், பிறகு என்ன செய்வோம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில், "இந்நேரம் ஆறியிருக்கும். வாங்க, என்ன சொல்லுதுன்னு போய் வாசிப்போம்" என்றார்.

"இங்கிலீஷ்ல சொல்லுதே," என்றான் பாண்டி.

"வரி நம்பர் போட்டிருக்குல்ல? அது தெரியும்லே உனக்கு? அந்த வரியில ஒண்ணும் இல்லேன்னா முந்தின வரியப் பாரு. தப்பு ஒரு எடத்துல இருக்கும், சத்தம் அடுத்த எடத்துல கேக்கும்."

முந்தின வரியில் திறந்த அடைப்புக்குறியை நான் மூடவே இல்லை. மூடினேன். உடனே இன்னொரு சிவப்பு வந்தது; மேற்கோள்குறி ஒன்று பாதியில் நின்றது. அதையும் சரி செய்தால் மூன்றாவது. "திருத்தத் திருத்தத் தப்பு கூடுதே டீச்சரம்மா," என்று நான் சோர்ந்துபோனேன்.

"கூடல. அதெல்லாம் முன்னாடியே வரிசையில நிக்குது. இப்பத்தான் அதுக்கு முறை வந்திருக்கு," என்றார்.

மேனேஜர் பார்க்க வந்த நாளும் அப்படித்தான் ஆயிற்று. பத்து மேனேஜர்கள் வந்தார்கள் என்றுகூட நான் சொல்வதுண்டு, வந்தவர் ஒருவர். அவர் முன்னால் பெருமைக்காக ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்து ஓட்டினேன். திரை சிவந்தது. என் கால் தானாகப் பின்னால் போயிற்று. அந்த ஆபீஸ் மாற்றம் போனால் மறுபடி மருந்து அறைதான்.

மேனேஜர் டீச்சரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்களேன்" என்றார்.

டீச்சர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "அவுக புரோகிராம் சார். அவுக பாப்பாக."

அந்த ஒரு வார்த்தையில் என் கால் முன்னால் வந்தது. நம்பரைப் படித்தேன். அந்த வரியில் ஒன்றுமில்லை. முந்தின வரியில், நான் புதிதாகச் சேர்த்ததில், அடைப்புக்குறி திறந்து கிடந்தது. மூடி ஓட்டினேன். ஒரு பெட்டியில் நாற்பத்தெட்டு பாக்கெட் என்றால் இருபத்தைந்து பெட்டிக்கு எத்தனை என்று மேனேஜர் கேட்டார். ஆயிரத்து இருநூறு என்று வந்தது. மேனேஜர் கைதட்டினார். சிவகாசி முழுக்கக் கேட்டது.

விருதுநகரில் டீச்சர் வீட்டுக்குப் போய் ஆபீசுக்குத் திரும்பிய அன்று, வழக்கம்போலக் கம்பெனி வேனில் வந்து இறங்கினேன். முன்பெல்லாம் வேன் சத்தம் கேட்டதும் என் மனைவி தெருமுனைக்கு ஓடி வந்து, இறங்குகிறவர்களில் நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள். ஆபீசுக்கு மாறிய பிறகு அவள் வருவதில்லை. அன்றும் உள்ளே சீரியல் பார்த்துக்கொண்டு, திரும்பாமலே, "வந்தாச்சா? கையக் கழுவுங்க" என்றாள். டீச்சரம்மா எனக்குத் தந்ததில் நான் வைத்திருப்பது, அவள் திரும்பாமலே கேட்டாளே, அதைத்தான்.