அண்ணன் ஓடிய ஒரே ஓட்டம்

அண்ணன் வேலை பார்த்த ஷூக்கடைக்கு ஒரு அம்மா வருவார். அவருக்கு ஒரு பாதம் பெரியது, ஒன்று சிறியது. எந்த ஜோடி வாங்கினாலும் ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பார். ஒரு நாள் அண்ணன் இரண்டு பெட்டிகளைத் திறந்து, ஒன்றிலிருந்து இடது, மற்றதிலிருந்து வலது என்று எடுத்து மாட்டிவிட்டார். முதலாளி முறைத்ததற்கு, "இதுக்கு நேர்மாறா கால் உள்ளவங்க யாராவது வராமலா போவாங்க" என்றார். யாரும் வரவில்லை. மிச்ச ஜோடியை அண்ணனே வாங்கிக்கொண்டது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

மற்றபடி அண்ணன் உட்கார்ந்தே வாழ்ந்த மனிதர். கடையில் குட்டை ஸ்டூல், வீட்டில் சாய்வு நாற்காலி. "இதைப் போட்டா கால் தானா ஓடும் சார்" என்று ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியிருப்பார். தன் காலிடம் மட்டும் சொன்னதில்லை.

அண்ணி இறந்த பிறகு மகளைத் தனியாக வளர்த்தார். அவள் கூட வேலை செய்யும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். நல்ல பையன், அண்ணனுக்குத் தடையில்லை. பையனின் அப்பாதான் தலையாட்ட வேண்டும். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் விடிந்ததும் அரைக்கால் சட்டையோடு பூங்கா வாசலில் நின்று படம் பிடித்து உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்புவார். படத்தில் எப்போதும் வாசல்தான் இருக்கும். உள்ளே போன படம் ஒன்றும் வந்ததில்லை.

பேச வந்த அன்று சோபாவில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார்: "ஓடுற மனுஷன் பொய் சொல்ல மாட்டான் சார். போன வருஷம் என் பையனுக்கு ஒரு இடம் வந்துச்சு. சொந்த வீடுன்னாங்க. விசாரிச்சா வாடகை வீடு. அன்னைக்கே வேண்டாம்னுட்டேன்."

பிறகு அவர் கண் அண்ணனின் காலுக்குப் போனது. வேலையிலிருந்து அவசரமாக வந்த அண்ணன், கடையில் விலை போகாமல் கிடந்த ஓட்டக்கார ஷூவைக் கழற்றாமலே இருந்தார்.

"அட, நீங்களும் ஓடுவீங்களா?"

உள்ளறை வாசலில் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தினமும் சார்" என்றார் அண்ணன்.

"அப்படிப் போடுங்க. அடுத்த மாசம் மலைக்காட்டுல ஓட்டம் இருக்கு. சேர்ந்தே ஓடுவோம். கீழ இறங்கினதும் கல்யாணத் தேதி குறிச்சிடலாம்."

அவர் படியிறங்கியதும் மகள் பிடித்துக்கொண்டாள். "என்னப்பா இது? பஸ் கிளம்பினாக்கூட ஓட மாட்டீங்க, அடுத்தது வரும்னு நிப்பீங்க."

"உனக்கு அடுத்தது வேணுமா?"

"வேண்டாம்."

"அப்போ ஓடித்தான் ஆகணும்."

நான் போகிற வழிபாட்டுக் குழு அந்த ஓட்டத்தில் தண்ணீர் கொடுக்கும் வேலையை ஏற்றிருந்தது. என் கையில் ஒரு சாக்கைக் கொடுத்து, கடைசியில் ஓடுகிறவருக்குப் பின்னால் நடந்து, போடுகிற கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். கடைசியில் யார் வருவார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அன்று மழை வருவேன் என்று சொல்லிவிட்டு வராமலே இருந்தது. இலை அசையவில்லை. ஈரத்துணியை முகத்தில் போட்டு மூச்சு விடச் சொன்னதுபோல் ஒரு புழுக்கம். புறப்படும் இடத்தில் ஒலிபெருக்கிக்காரர், "உங்க உடம்பு சொல்றதைக் கேளுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணனின் உடம்பு முந்தின நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

கொடி அசைத்தார்கள். வாலிபர்களெல்லாம் மான்போல் காட்டுக்குள் மறைந்தார்கள். இவர்கள் இருவரும் முதல் வளைவுவரை, யாராவது பார்ப்பார்கள் என்பதால், ஓடினார்கள். வளைவுக்கு அப்புறம் மரியாதை தொடங்கியது.

"நீங்க முன்னால போங்க சார்."

"சேச்சே, நீங்க போங்க. நான் உங்க வேகத்துக்குத் தடையா இருக்கக் கூடாது."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை முந்திக்கிட்டு நான் போறதா? நல்லா இருக்குமா சார்?"

ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு, இருவரும் நின்றே விட்டார்கள். நான் சாக்கோடு பின்னால் நின்றேன். நடக்கிற என்னைவிட ஓடுகிற அவர்கள் மெதுவாகப் போனதால், முந்திவிடாமல் இருக்க அவ்வப்போது ஒரு மரத்தடியில் நின்று கடவுளை வேண்டிக்கொண்டேன். நிறைய வேண்டிக்கொள்ள முடிந்தது.

ஏற்றம் வந்தது. வேர்வை காயவில்லை, வழிந்தபடியே இருந்தது. மேலாளரின் கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது; ஆள் என்று நினைத்து ஒரு மரத்துக்கு வழிவிட்டார். அண்ணன் வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை, விசில் வந்தது. ஆனாலும் முதலில் நிற்கிறவன் நானில்லை என்று இருவரும் பிடிவாதமாக நகர்ந்தார்கள்.

ஒரு பாறையருகே மேலாளர் நொண்டத் தொடங்கினார். "கால் விரல்ல என்னவோ குத்துது. எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்காகத்தான் உட்கார்றேன்."

அண்ணன் பழக்க தோஷத்தில் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முடிச்சை அவிழ்த்து ஷூவைக் கழற்றி உள்ளே கையை விட்டார். கை வெளியே வந்தபோது அதில் கசங்கிய காகித உருண்டை. புது ஷூவின் முனையில் கடைக்காரர்கள் திணித்து வைப்பார்களே, அது. அடிப்பகுதியில் அந்தக் காட்டு மண் தவிர ஒரு தேய்மானம் கிடையாது. தினமும் ஓடுகிறவரின் ஷூ.

மேலாளர் சட்டென்று மேலே ஒரு குருவியைப் பார்க்க ஆரம்பித்தார். குருவி ஏதும் இல்லை.

அண்ணன் காகிதத்தை உள்ளங்கைக்குள் மூடி என் சாக்கில் போட்டார். "கல்லு சார். காட்டுப் பாதையில சகஜம்" என்றார். முடிச்சுப் போட்டபடியே, தலை நிமிராமல் சொன்னார்: "சார், ஒண்ணு சொல்லணும். நான் ஓடுறவன் இல்ல. அன்னைக்குச் சொன்னது பொய். இதுக்கு மேல ஒரு அடிகூட என்னால முடியாது. நான் சொன்ன பொய்க்கு என் பொண்ணை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

கேட்டுக்கொண்டிருந்தவர், வாடகை வீட்டுக்கே ஒரு சம்பந்தத்தை வெட்டிவிட்ட மனிதர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சாக்கை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாருக்கும் முடியாதுதான்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். "நான் தனியா மேல போயிடுவேன். உங்களை இப்படி விட்டுட்டுப் போக மனசு வரல. வாங்க சம்பந்தி, இறங்கலாம்."

சம்பந்தி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணனுக்கு மறுபடி விசில்தான் வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தில் பந்திக்குப் பந்தி போய் மேலாளர் ஒரே கதையைச் சொன்னார். உச்சியைத் தொட நூறு அடிதான் பாக்கி, சம்பந்திக்காக மெடலைத் தியாகம் செய்துவிட்டாராம். பேரன் பிறப்பதற்குள் அந்த நூறு அடி பத்து அடியாகிவிட்டது. அண்ணன் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார்.

வேறு ஊருக்கு மாறிப்போயிருந்த மகள் பேரனைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டதும், அண்ணன் வேலையை விட்டுவிட்டு அவர்களுடனேயே இருக்கப் புறப்பட்டார். அந்த வருடமே அங்கே தூக்கத்தில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். ரயில் ஏற்றிவிடப் போனதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம், "அந்தக் காகிதத்தைப் பத்தி நீ ஒரு தடவைகூட வாய் திறக்கலையே அண்ணா" என்றேன்.

"எதுக்கு? நம்ம பொண்ணு அந்த வீட்டுல சந்தோஷமா இருக்கா. அவரு ஓடுறவராவே இருந்துட்டுப் போகட்டும்."

ரயில் நகர்ந்தது. கையைப் பிடித்திருந்த நான் கூடவே வேகமாக நாலடி வைத்தேன். அண்ணன் கையை உருவிக்கொண்டார்.

"ஓடாதம்மா, நில்லு. நம்ம குடும்பத்துக்கு அது ஒத்து வராது."